கெட்டுப்போகாத கணினிக்குக் கெடு

கிழக்கு லண்டனில், குட்மேய்ஸ் ஹை ரோட்டிலும் கிரீன் லேனிலும் நம்மவர் நடத்தும் கடைகளுக்குள் போனால், கல்லாவுக்குப் பின்னால் பல இடங்களில் ஒரு பழைய கணினி இருக்கும். விசைப்பலகையில் எழுத்துகள் தேய்ந்திருக்கும். திரையின் ஓரத்தில் யாருடைய தொலைபேசி எண்ணோ ஒட்டியிருக்கும். சரக்குப் பட்டியல், கடன் கணக்கு, வாட் வரிக்கான அட்டவணை, போன வருடத் திருவிழா நன்கொடைச் சீட்டு எல்லாம் அதற்குள்தான். 2015, 2016 வாக்கில் வாங்கிய அந்தப் பெட்டியில் ஓடும் விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு காலம் முடிந்தது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பெட்டிக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. 15ஆம் தேதி காலையிலும் அது வழக்கம்போல முனகிக்கொண்டே எழுந்து வேலையைத் தொடங்கியது.

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29ஆம் தேதி. அந்த ஆண்டு சிகாகோவில் நடந்த மாநாடு ஒன்றில் மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர், இதுவே விண்டோஸின் கடைசிப் பதிப்பு என்று மேடையில் சொன்னார். நிறுவனம் அவசரப்பட்டு மறுக்கவில்லை. இனி மாற்றவே வேண்டியதில்லை என்று நம்பி வாங்கியவர்கள் ஏராளம். 2021 அக்டோபர் 5ஆம் தேதி விண்டோஸ் 11 வந்தது. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும், இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும் என்று அது நிபந்தனை விதித்தது. எட்டாம் தலைமுறைச் செயலிகள் சந்தைக்கு வந்ததே 2017இல்தான். அதற்கு முன் வாங்கிய கணினி எவ்வளவு நன்றாக ஓடினாலும், நினைவகத்தை எவ்வளவு கூட்டியிருந்தாலும், வாசலிலேயே நிறுத்தப்பட்டது.

எதிர்ப்பு கிளம்பியதும் ஒரு வருட அவகாசம் கிடைத்தது. 2026 அக்டோபர் 13 வரை வீட்டுப் பயனாளர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தொடரும். இதில் நமக்கென்று ஒரு தனிக் கசப்பு உண்டு. நுகர்வோர் அமைப்புகளின் நெருக்குதலுக்குப் பிறகு, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு வருடம் இலவசம் என்றாகிவிட்டது. கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்டின் மேகத்தில் சேமிக்க வேண்டும் என்ற கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. பிரெக்ஸிட் முடித்த பிரித்தானியாவில் அப்படியில்லை. இங்கே மேகத்தில் சேமிக்க ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது அந்த நிறுவனத்தின் பரிசுப் புள்ளிகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும். பாரிஸில் லா சப்பல் தெருவில் கடை வைத்திருக்கும் தம்பிக்குக் கிடைப்பது குட்மேய்ஸில் கடை வைத்திருக்கும் அண்ணனுக்குக் கிடைக்காது.

இந்த விஷயம் வீடுகளுக்குள் எப்படிப் பேசப்படுகிறது என்பது எனக்கு ஓரளவு தெரியும். "தூக்கிப் போடுங்கோ அப்பா, புதுசு வாங்கித் தாறன்" என்கிறார் மகள். "இது என்ன செய்யேல்லை உனக்கு?" என்கிறார் அப்பா. மகள் சொல்வது பாதுகாப்பைப் பற்றி. அப்பா சொல்வது உழைப்பைப் பற்றி. ஊரில் விட்டுவிட்டு வந்தவற்றை மறக்காத தலைமுறை அது, பொருளை எறியத் தயங்குவது இயல்பு என்று நாம் சிரித்துவிட்டுப் போகிறோம். என் கணிப்பில் அவர் பொருளை நினைத்துத் தயங்கவில்லை. அந்தப் பெட்டிக்குள் தான் செய்து வைத்த வேலை தன்னோடு புதிய பெட்டிக்கு வருமா என்பதே அவருடைய கேள்வி. அதற்கு யாரும் அவருக்கு நேரான பதில் சொல்வதில்லை. கணினி விற்பவர்களிடம் வேகத்துக்கும் கொள்ளளவுக்கும் எண்கள் இருக்கின்றன, இதற்கு இல்லை.

இந்தக் கேள்வி கணினி அளவுக்குப் பழையது. குட்மேய்ஸ் நிலையத்தில் எலிசபெத் லைனில் கிழக்கு நோக்கி ஏறினால் ஐந்தாவது நிலையம் பிரென்ட்வுட். ஆம்ஸ்ட்ராட் என்ற கணினி நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான் இருந்தது. ஹாக்னியில் பிறந்து, தெருச் சந்தையின் நாடித்துடிப்பை அறிந்து வளர்ந்த அதன் நிறுவனர் ஆலன் சுகர், 1985இல் பிசிடபிள்யூ 8256 என்ற பெட்டியை 399 பவுணுக்கு, வாட் தனி, விற்பனைக்குக் கொண்டுவந்தார். பச்சை எழுத்துத் திரை, விசைப்பலகை, வட்டு இயக்கி, அச்சுப்பொறி எல்லாம் அந்த விலைக்குள். லோகோஸ்கிரிப்ட் என்ற எழுத்துமென்பொருளும் கூடவே வந்தது. உருவாக்கத்தின்போது அந்தப் பெட்டிக்கு வைத்த செல்லப் பெயர் ஜாய்ஸ். அது சுகருடைய செயலரின் பெயர். ஜெர்மனியில் அந்தப் பெயரிலேயே விற்றார்கள்.

கணினி அறிஞர்கள் அதை ஏளனம் செய்தார்கள். இஸட்80 செயலி 1985இலேயே பழசு. அதன் மூன்று அங்குல வட்டு வேறு யாரும் அதிகம் பயன்படுத்தாத அளவு. உலகம் மூன்றரை அங்குலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் நாவலாசிரியர்கள், தேவாலயச் செயலாளர்கள், சிறு கடைக்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள் வாங்கிக் குவித்தார்கள். தட்டச்சுப்பொறியில் ஒரு பிழைக்காக ஒரு பக்கத்தையே மறுபடி அடித்த கைகளுக்கு அது விடுதலை. இலங்கையில் 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு கிழக்கு லண்டனுக்குப் பெருமளவில் வரத் தொடங்கிய நம்மவர் கண்ட முதல் அலுவலகக் கணினிகளில் இந்த வகையும் ஒன்றாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

விசுவாசம் அப்படித்தான் உருவானது. பிசிடபிள்யூக்காரர்கள் பத்து வருடம் அசையவில்லை. வட்டு இயக்கியின் ரப்பர் பட்டை தளர்ந்தால் மாற்றிக்கொண்டார்கள். அச்சுப்பொறி நாடாவுக்கு மை ஏற்றிக்கொண்டார்கள். 1995இல் ஆம்ஸ்ட்ராட் அவர்களுக்காகவே என்று பிசிடபிள்யூ 16 என்ற புதிய பெட்டியைக் கொண்டுவந்தது. சுட்டியும் உண்டு, படங்கள் நிறைந்த திரையும் உண்டு. பழைய பிசிடபிள்யூ மென்பொருள்கள் மட்டும் அதில் ஓடவில்லை. பெயர் ஒன்று, குடும்பம் வேறு. எப்படியும் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டும் என்றால் எல்லோரும் வாங்கும் விண்டோஸ் கணினியையே வாங்கலாமே என்று வாடிக்கையாளர் நினைத்தார்கள். அந்தப் பெட்டி தோற்றது. அந்த வரிசையே அதோடு முடிந்தது.

ஆம்ஸ்ட்ராட்டைவிட, லோகோஸ்கிரிப்ட்டை எழுதியவர்கள் வாடிக்கையாளரைச் சரியாகப் புரிந்து வைத்திருந்தார்கள் என்பேன். அவர்கள் அதே மென்பொருளை ஐபிஎம் வகைக் கணினியிலும் ஓடும்படி செய்து கொடுத்தார்கள். பத்து வருடம் எழுதியதை அப்படியே எடுத்துக்கொண்டு ஒருவர் பெட்டியை மாற்ற முடிந்தது. பெட்டி போகலாம், எழுதியது போகக்கூடாது என்ற கணக்கு அவர்களுக்குப் பிடிபட்டிருந்தது. ஆப்பிளும் இந்தக் கணக்கைப் படித்த நிறுவனம்தான். செயலி வகையை 1994இலும் 2006இலும் 2020இலும் மூன்று முறை மாற்றியபோதும், பழைய மென்பொருள் சில காலம் புதிய கணினியில் ஓட ஒரு மொழிபெயர்ப்பு அடுக்கைக் கூடவே கொடுத்தது. சில காலம்தான். பிறகு அந்தப் பாலத்தையும் எடுத்துவிடுவார்கள். இன்டெல் மேக் வைத்திருப்பவர்களுக்கு 2025இல் வந்த டஹோ பதிப்பே கடைசி.

இனி நம் வீட்டுக்கு வருவோம். மகள் எளிதாக "தூக்கிப் போடுங்கோ" என்று சொல்லும் பெட்டியில் பெரும்பாலும் இரண்டு விஷயங்கள் இருக்கும்: பாமினி எழுத்துரு, பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள். புலம்பெயர் ஈழத் தமிழரின் கோயில் மலர்கள், பழைய மாணவர் சங்க விழா மலர்கள், கலியாண அழைப்பிதழ்கள், நினைவு மலர்கள், கண்ணீர் அஞ்சலித் துண்டறிக்கைகள் என்று பல ஆண்டுகளாக அச்சேறியவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டாலும் ஆனது. பாமினி, பழைய தமிழ்த் தட்டச்சுப்பொறியின் விசையமைப்பை ஒட்டியது. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ தட்டச்சுப் படித்த விரல்களுக்கு அது புதிதாகக் கற்க வேண்டியதே இல்லாத ஒன்று.

அதன் சூட்சுமம் எளிது. கணினியைப் பொறுத்தவரை நீங்கள் தட்டுவது ஆங்கில எழுத்துகள்தாம். பாமினி அவற்றுக்குத் தமிழ் உருவத்தைப் போட்டுக் காட்டுகிறது. பாமினி இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால், தமிழ் என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். தேடினால் கிடைக்காது; மின்னஞ்சலில் அனுப்பினால் புரியாது; கைப்பேசியில் வராது. இந்தச் சிக்கலுக்கு விடை 1991லேயே வந்துவிட்டது. யூனிகோடு எனப்படும் ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. விண்டோஸ் 2000இல் லதா எழுத்துருவோடு அது சாதாரணக் கணினிக்கும் வந்து சேர்ந்தது. அப்படியிருந்தும் இத்தனை ஆண்டுகள் பாமினி நிலைத்ததற்குப் பழக்கம் ஒரு காரணம் என்றால், பேஜ்மேக்கர் அதைவிடப் பெரிய காரணம்.

ஆல்டஸ் நிறுவனம் 1985இல் கொண்டுவந்த பேஜ்மேக்கரை 1994இல் அடோபி வாங்கியது. 2001இல் வந்த 7.0 பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றது. ஒருங்குறித் தமிழை அது அறியவே அறியாது. அடோபி தன் முழுக் கவனத்தையும் தன் புதிய பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனுக்குத் திருப்பியது. லண்டனில் மட்டுமல்ல, சென்னையிலும் சிவகாசியிலும் பக்கம் கட்டுபவர்கள் எத்தனையோ பேர் அதன் பிறகும் பேஜ்மேக்கரிலேயே இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஏனென்றால் தமிழ் உயிர்மெய்களை ஒழுங்காகக் கோக்கும் வசதி இன்டிசைனுக்கு முறையாக வந்ததே 2012இல், சிஎஸ்6 பதிப்பில்தான். பழைய பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும் வசதி இருந்த கடைசிப் பதிப்பும் அந்த சிஎஸ்6தான். அடுத்து வந்த, மாதச் சந்தா கட்டிப் பயன்படுத்தும் பதிப்புகளில் அந்த வசதியை நீக்கிவிட்டார்கள். அதாவது, பழைய கோப்பையும் திறந்து புதிய தமிழையும் அச்சுக் கோக்கக்கூடிய பதிப்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்தக் கதவு திறந்ததையும் மூடியதையும் நம் அச்சகக்காரர்களில் எத்தனை பேருக்கு யார் சொன்னார்கள்?

இதன் விளைவு விசித்திரமானது. 2005 முதல் இயங்கிவரும் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம், ஈழத்து வெளியீடுகளை வருடி இணையத்தில் ஏற்றுகிறது. அங்கே காகிதத்தில் அச்சடித்த மலர் கிடைக்கிறது. அந்த மலரை அச்சடிக்கச் செய்த கணினிக் கோப்பு, செய்தவர் வீட்டிலேயே திறக்காமல் கிடக்கிறது.

மாற முடியாது என்றில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். தன்னார்வலர்கள் வீட்டிலிருந்து தட்டச்சு செய்த பழந்தமிழ் நூல்கள் ஒரு குறியீட்டிலிருந்து திஸ்கி என்ற குறியீட்டுக்கும், திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கும் இடம்பெயர்ந்தன. சங்க நூல்கள் இன்று கைப்பேசியில் வாசிக்கக் கிடைப்பது, யாரோ சிலர் ஊதியமின்றிச் செய்த அந்தச் சலிப்பூட்டும் வேலையால்தான். எழுத்துருவைக் கண்டுபிடித்தவர்களை நாம் கொண்டாடுகிறோம்; கோப்புகளை மாற்றி வைத்தவர்களை நினைப்பதில்லை. பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றவும் கருவிகள் எப்போதோ வந்துவிட்டன. சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றி, சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் மாற்றி இரண்டும் இலவசம். விரலுக்குப் பழகிய பாமினி விசையமைப்பிலேயே ஒருங்குறியில் தட்டவும் வழி உண்டு. பிள்ளைகள் தங்கள் அப்பாக்களுக்கு இதைச் சொல்லியிருந்தால் பல வீட்டுச் சண்டைகள் தவிர்ந்திருக்கும்.

அப்பாவின் பக்கம் நின்று இவ்வளவு பேசினேன். மகளின் பக்கமும் நியாயம் உண்டு, அது சிறியதும் அன்று. 2017 மே 12ஆம் தேதி வானாக்ரை என்ற தாக்குதல் உலகைச் சுற்றியபோது, இங்கிலாந்தில் 236 மருத்துவ அறக்கட்டளைகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. கிழக்கு லண்டன் தமிழ்க் குழந்தைகள் பலர் பிறந்த நியூஹாம் மருத்துவமனையை நடத்தும் பார்ட்ஸ் ஹெல்த் அவற்றுள் ஒன்று. பழைய விண்டோஸ் எக்ஸ்பிதான் காரணம் என்று அன்று எல்லோரும் சொன்னார்கள். உண்மையில் பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை, அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 ஓடியவை. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14ஆம் தேதி வெளியிட்டிருந்தது. அந்தக் கணினிகளில் அதை ஏற்றியிருக்கவில்லை. ஆக, கணினியின் வயது ஆபத்தைத் தீர்மானிக்கவில்லை, திருத்தம் ஏறாததே ஆபத்து. திருத்தமே வராது என்று அறிவிக்கப்பட்ட கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது, வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருப்பது சரியில்லை. அதில் இழப்பு நம்முடையதாக மட்டும் இருக்காது.

வரித்துறையும் நெருக்குகிறது. சுயதொழிலிலிருந்தோ வீட்டு வாடகையிலிருந்தோ ஆண்டுக்கு 50,000 பவுணுக்கு மேல் மொத்த வரவு உள்ளவர்கள் 2026 ஏப்ரல் 6 முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மென்பொருள் வழியாகவே கணக்கு அனுப்ப வேண்டும். அடுத்த ஆண்டு அந்த வரம்பு 30,000, அதற்கடுத்த ஆண்டு 20,000. இது இலாபத்தின் மீதான வரம்பு இல்லை, மொத்த வரவின் மீதானது. எனவே கையில் அதிகம் மிஞ்சாத கடைக்காரரும் இதற்குள் வருவார். பழைய அட்டவணைக் கோப்பையே வைத்துக்கொண்டு, இணைப்பு மென்பொருள் வழியாக அனுப்பவும் விதி அனுமதிக்கிறது. இதைச் சொல்லாமல் முழுப் புதிய கணக்கு மென்பொருளை மாதச் சந்தாவோடு தலையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கத்தைக் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. இணையத்தோடு இணையும் நுகர்பொருள்களின் பாதுகாப்புக்கென்று 2022இல் பிரித்தானிய நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. 2024 ஏப்ரல் 29 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. விற்கும் பொருளுக்கு எத்தனை காலம் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும் என்பதை உற்பத்தியாளர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது அது. கதவில் மாட்டும் கேமரா மணிக்கு அது பொருந்தும். கைப்பேசிக்கும் தொலைக்காட்சிக்கும் பொருந்தும். மேசைக் கணினிக்கும் மடிக்கணினிக்கும் பொருந்தாது! அவற்றுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். சிம் அட்டை போடக்கூடிய டேப்லெட்டுக்குச் சட்டம் உண்டு, வைஃபை மட்டும் உள்ள டேப்லெட்டுக்கு இல்லை. கணினிக்கு வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் ஏற்கெனவே இருக்கின்றன என்பது சொல்லப்பட்ட சமாதானங்களில் ஒன்று. இயங்குதளத்தின் ஓட்டையை வைரஸ் தடுப்பு அடைக்காது என்பதை 2017லேயே இந்த நாடு பணம் கொடுத்துக் கற்றிருக்க வேண்டும்.

இந்த விலக்கை நீக்கினாலே பாதிச் சிக்கல் தீரும். கணினி வாங்கும்போதே, இதற்கு இன்ன ஆண்டு வரை திருத்தம் கிடைக்கும் என்று பெட்டியின் மீது அச்சிட்டிருந்தால், 700 பவுண் கொடுப்பவர் கணக்குப் போட்டுப் பார்த்துக் கொடுப்பார். ஒரு வருட இலவசத்தை ஐரோப்பியர்களுக்குப் பெற்றுத் தந்தது அவர்களுடைய நுகர்வோர் சட்டங்களின் பலமும் அமைப்புகளின் விடாப்பிடியும்தான். அதே அழுத்தத்தை இங்கேயும் தர முடியும். வாக்குக் கேட்டு வாசலுக்கு வருகிறவர்களிடம் நாம் வீட்டு வாடகை பற்றிக் கேட்கிறோம், குடிவரவு விதி பற்றிக் கேட்கிறோம். இந்த விலக்கைப் பற்றியும் ஒரு வரி கேளுங்கள்.

கடைசியாக, குட்மேய்ஸ் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும். புதிய கணினி வாங்குவதைப் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம். முதலில் பழைய பெட்டியில் உள்ள மலர்களையும் பட்டியல்களையும் ஒரு வெளிவட்டில் படியெடுங்கள். பேஜ்மேக்கர் பக்கங்களைப் பிடிஎஃப் ஆக்குங்கள். பாமினி உரைகளை ஒருங்குறிக்கு மாற்றுங்கள். பேஜ்மேக்கரை விட முடியாதவர்கள் அதற்கென்றே பழைய பெட்டியை வைத்துக்கொள்ளலாம், இணைய இணைப்பை மட்டும் பிடுங்கிவிடுங்கள். மின்னஞ்சலும் உலாவியும்தான் வேலை என்றால், லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை அதே பெட்டியில் போட்டு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். ஒருங்குறித் தமிழ் அதில் தடையின்றி வரும். இவை எதுவும் ஒத்துவராவிட்டால் மட்டும் கடைக்குப் போங்கள். போனால், விற்பவரிடம் விலையைக் கேட்பதற்கு முன், இதற்கு எந்த ஆண்டு வரை பாதுகாப்புத் திருத்தம் வரும் என்று எழுத்தில் கேளுங்கள். அவகாசம் 2026 அக்டோபர் 13 வரை.